பின்னாலிருந்து விழுந்த அடி

டவுன் ஆஸ்பத்திரி, மாத்தளை
26 பெப்ரவரி 1937

சேசு மரி சூசை துணை

அக்காவுக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது வாசி. இதை உன் கையில் கொடுக்கப்போகிறவர் யார் என்று உனக்கே தெரியும். நான் விழுந்த நாளிலிருந்து தோட்டத்துக் கடிதங்கள் வரும் தப்பால் பை உன் புருஷன் தோளில்தான் தொங்குகிறது. நோபர்ட் மச்சானுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் கால். வலது முழங்காலுக்குக் கீழே மாக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். பாதத்தை நேராக வைத்துக் கட்டவில்லை. உயரத்தில் இருப்பதை எட்டி எடுக்கிறவன் நுனிக்காலில் நிற்பதுபோல விரல்களைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். குதிகாலுக்கு மேலே தடிப்பாக ஒரு நரம்பு ஓடுகிறதே, அது அறுந்துவிட்டதாம். தோட்டத்து டிஸ்பென்சர் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து இரண்டு நாளை வீணாக்கினார். இங்கே டொக்டர் தொட்ட உடனே சொன்னார். இன்னும் எட்டு வாரம் இப்படியே படுக்க வேண்டுமாம்.

இனி உள்ளதைச் சொல்கிறேன். விபூதித் திருநாளுக்கு மறுநாள் யட்டவத்தையில் தப்பாலை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினேன். மச்சானும் சந்தைக்கு வந்திருந்தார். எனக்குப் பின்னால், கையில் அந்தக் காட்டுக் கம்போடு ஏறி வந்தார். மழைத் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டினேன். குதிகாலில் ஓர் அடி விழுந்தது. ‘டப்’ என்று சத்தமும் கேட்டது. விழுந்தபடியே திரும்பிப் பார்த்தேன். பாதையில் அவரைத் தவிர ஒரு மனிதரும் இல்லை. அவர் கம்பைப் பிடித்தபடி நின்றார். உடனே ஓடி வரவில்லை, அக்கா. கொஞ்ச நேரம் நின்றார்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். “உதுக்கு ஒருத்தரும் அடிக்கத் தேவையில்லைத் தம்பி, தானா அறுந்துபோகும்” என்கிறார். அவர் அந்தப் பாதையில் இருந்தாரா? அடி வாங்கியது என் கால். ஸ்டோரில் தேயிலைத் தூள் தின்று இருமுகிறேன், தப்பால் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று போன வருஷம் துரையிடம் கேட்டவர் யார்? நடை வேகம் என்று எனக்குக் கொடுத்தபோது மூன்று மாதம் என் முகம் பார்க்காதவர் யார்? இப்போது அந்த வேலை யாரிடம் இருக்கிறது?

அந்தக் கம்பை எடுத்துப் பார். அவரிடம் ஒன்றும் கேட்காதே.

தம்பி
ஒஸ்வல்ட்


கலுதென்னைத் தோட்டம்
6 மார்ச் 1937

ஒஸ்வல்ட்டுக்கு,

உன் கடிதத்தை நான் தனியாக வாசிக்கவில்லை. பையில் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்த கடிதங்களைக் கிளாக்கர் அவர் கையில் கொடுத்திருக்கிறார். உன் கடிதம் என்று கிளாக்கர் சொன்னதும் மற்ற வீடுகளுக்குப் போகாமல் நேரே என்னிடம் ஓடி வந்தார். வாசலில் நின்றே, “தம்பி என்னா எழுதியிருக்கு? காலு எப்படியாம்? சத்தமா வாசி” என்றார்.

நான் என்ன செய்வேன்? முதல் நாலு வரியைக் கண்ணால் பார்த்ததுமே இது சத்தமாக வாசிக்கிற கடிதம் இல்லை என்று தெரிந்துவிட்டது. மாக்கட்டு, எட்டு வாரம், ஆஸ்பத்திரிச் சோறு பரவாயில்லை, மச்சானைக் கேட்டதாகச் சொல் என்று நானே கட்டி வாசித்தேன். “கேட்டுச்சா?” என்று சந்தோஷப்பட்டார். அப்புறம் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் எழுதியிருக்கு. நீ வாசிச்சது இம்புட்டுத்தானா?” என்றார். ஊர்ச் சாமிமார் எல்லாருக்கும் தோத்திரம் எழுதியிருக்கிறான் என்றேன். கலியாணமான ஒன்பது வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது இல்லைதான். ஆனால் அவர் நம்பாமல் போன முதல் பொய் அதுதான்.

நீ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டாய். உன்னை யார் தூக்கி வந்தது? ஒன்றரை மைல், ஏற்றம், மழை. உன்னை முதுகில் போட்டுக்கொண்டு, தப்பால் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இருமி இருமி வந்து லயத்து வாசலில் விழுந்தார். அடித்த ஆள் அப்படியா தூக்கி வருவான்? நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு அவர் சோறே சாப்பிடவில்லை.

உன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

ஜோசப்பின்

கம்பைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவர் தப்பாலுக்குப் போனபோது மழையென்று சாக்கை மட்டும் போட்டுக்கொண்டு கம்பை விட்டுவிட்டுப் போனார். பார்த்தேன். அடிப்பக்கம் ஒரு விரல்நீளத்துக்கு வெடித்திருக்கிறது. கம்பு என்றால் வெடிக்கத்தான் செய்யும். அது பழைய வெடிப்பா புதிய வெடிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதாமல் அனுப்பவும் மனம் வரவில்லை.


டவுன் ஆஸ்பத்திரி
17 மார்ச் 1937

அக்காவுக்கு,

கையெழுத்துக்குக் கீழே எழுதியதுதான் உன் கடிதம். மேலே எழுதியதெல்லாம் உன் பயம்.

வெடிப்புப் புதிதாக இருந்தால் உள்மரம் வெளுப்பாக இருக்கும். பழையதாக இருந்தால் அழுக்கேறிக் கறுத்திருக்கும். இது உனக்குத் தெரியாதா? தெரிந்தும் எழுதவில்லை. தூக்கி வந்தது ஒரு பெரிய சாட்சியா? வழியிலே விட்டுவிட்டுப் போனால் ஊர் என்ன கேட்கும் என்று யோசிக்கிறவனும் தூக்கித்தான் வருவான்.

படுத்துப் படுத்து என் புத்தி கெட்டுவிட்டது என்று நினைக்காதே. இங்கே யார் எதற்காக என்ன சொல்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அட்டெண்டன் கட்டில் காலியாக வேண்டும் என்பதற்காகவே “நீ சுகமாயிட்டே” என்கிறான். பக்கத்துக் கட்டிலில் ஐயாவு என்று ஒரு ரப்பர் வெட்டுகிறவர். அவருக்கும் அதே நரம்புதான். ஆனால் அறவில்லை, இரண்டு வருஷமாக வீங்கிக் கிடக்கிறது. நாள் முழுக்க நன்றாக நடக்கிறார். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடிக்கு மட்டும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். “அந்த மொத அடி வலிக்காம வச்சேன்னா, அன்னைக்குத்தான் நான் சொகமானேன்னு அர்த்தம். டொக்டரு என்னா வேணும்னாலும் எழுதிக்கட்டும்” என்கிறார். டொக்டரோ வீக்கம் வற்றிவிட்டது, நீர் வீட்டுக்குப் போகலாம் என்று சிரிக்கிறார். இரண்டு பேரும் ஒரே காலைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

தோட்டத்திலிருந்து கிளாக்கர் டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாராம். நான் உண்மையில் எழுந்திருக்க முடியாமல்தான் படுத்திருக்கிறேனா என்று துரை கேட்கச் சொன்னாராம். அந்தச் சந்தேகத்தைத் துரை காதில் போட்டது யார்? தினமும் ஆபீஸ் வாசலில் பையோடு நிற்கிறவர் யார்?

பாஸ்குத் திருநாள் முடியட்டும் என்று பார்க்கிறேன். அதற்குள் அவர் வாயால் உண்மை வராவிட்டால் துரைக்கு நானே எழுதுவேன். அவருக்காக நீ ஒளித்தால் உன் பேரையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.

ஒஸ்வல்ட்


கலுதென்னைத் தோட்டம்
3 ஏப்ரல் 1937

ஒஸ்வல்ட்,

நீ நினைத்தது நடந்துவிட்டது.

உன் இரண்டாம் கடிதத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். இந்த முறை வாசிக்கச் சொல்லவில்லை. மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஏன் கேட்கவில்லை? ஏற்கெனவே தெரியுமா? பெரிய வாரம் முழுக்க அவர் பின்னாலேயே என் கண் போனது. எங்கே போகிறார், யாரிடம் பேசுகிறார், கம்பை எங்கே வைக்கிறார். வெடிப்பை மறுபடியும் பார்த்தேன். மண் ஏறியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் நின்றார்.

“என்னா பாக்குற?” என்றார்.

பாஸ்கு ஞாயிறு, பூசை முடித்து வந்த புதுச் சட்டையோடு நின்றார். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “தம்பிய நீங்க அடிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே நம்பியிருப்பேன். சத்தியமாக நம்பியிருப்பேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். என் கையிலிருந்த கம்பை வாங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்து அடுப்பில் வைத்தார். அது எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். மறுநாள் காலை தப்பால் பையைக் கிளாக்கரிடம் ஒப்படைத்துவிட்டுப் பலாபத்வலையில் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது ஆபீஸ் பியோன் தப்பாலுக்குப் போகிறான்.

நிரபராதி ஏன் கம்பை எரிக்கிறான்? குற்றவாளி ஏன் எந்த வேலைக்காக அடித்தானோ அதையே விட்டுவிட்டுப் போகிறான்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து எனக்குத் தலை வலிக்கிறது. லயத்தில் தண்ணீர்ப் பீலியடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது.

துரைக்கு எழுதுவதானால் எழுதிக்கொள். இனி இங்கே எழுதிப் பயமுறுத்த ஆள் இல்லை.

ஜோசப்பின்


டவுன் ஆஸ்பத்திரி
27 ஏப்ரல் 1937

அக்கா,

துரைக்கு எழுதவில்லை. எழுதி வைத்திருந்ததைக் கிழித்துவிட்டேன். எதற்கென்று சொல்வதற்குள் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

மாக்கட்டை வெட்டி எடுத்து ஆறு நாளாகிறது. உள்ளேயிருந்து வந்தது என் கால் இல்லை. ஆடுசதை வற்றி, தோல் செதில் செதிலாக உரிந்து, யாரோ நோயாளியின் காலை எனக்குத் தைத்துவிட்டதுபோல இருந்தது. டொக்டர் குதிகாலுக்கு மேலே அழுத்திப் பார்த்து, “வடிவா ஒட்டியிட்டுது, இனி நடவும்” என்றார். நான் கட்டிலை விடவில்லை. “நோகுதோ?” என்றார். இல்லை என்றேன். “பின்னை என்ன பயம்?” வலித்தால்கூட ஒரு தைரியம் இருக்கும், அக்கா. வலி இல்லை, அதனால் எப்போது அறும் என்று முன்கூட்டித் தெரியப்போவதும் இல்லை. ஒவ்வோர் அடிக்கும் அந்த ‘டப்’ சத்தத்தை எதிர்பார்க்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் பத்து அடி போவதற்குள் சட்டை நனைந்துவிடுகிறது. டொக்டருக்கு நான் குணமானவன். எனக்கு நான் அறுகிற தறுவாயில் இருக்கிறவன்.

போன வெள்ளிக்கிழமை ஒருவரைத் தூக்கி வந்தார்கள். நுஹ்மான் என்று பெயர், டவுனில் புடைவைக் கடை. அலுவிகாரையில் பஸ் நகர்ந்துவிட்டது என்று ஓடி எட்டி ஏறினாராம். உள்ளே வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். “அல்லாஹ் மேல ஆணை, எவனோ பின்னால நின்டு ஒதச்சான்! குதிகால்ல ஒதச்சான்! சத்தம் கேட்டிச்சு!” கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார்கள். விழுந்த இடத்திலேயே அவர் திரும்பி, இருபது அடி தள்ளி வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு சிங்களக் கிழவியைப் பிடித்து, நீதானே உதைத்தாய் என்று சண்டை போட்டாராம்.

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் என் வாய் நின்றுவிட்டது. அவர் சொன்னது அத்தனையும் என் வாயிலிருந்து வந்த வார்த்தை. அடி, சத்தம், பின்னால் ஓர் ஆள்.

சாயங்காலம் அவர் கட்டிலுக்குப் போய்க் கேட்டேன். “நெசமா உங்களுக்குப் பின்னால யாரு இருந்தது?”

“ஒருத்தருமே இல்ல தம்பி” என்றார். “அதான் பயமாரிக்கி. ஒருத்தன் ஒதச்சான்டா அவனப் பிடிக்கலாம். என்ட காலே என்னய ஒதச்சிட்டுன்டா நான் ஆர நம்புற?”

அக்கா, மச்சான் அடிக்கவில்லை. யாருமே அடிக்கவில்லை. நான் பெரிய பாவம் செய்துவிட்டேன். அவரிடம் இதை வாசித்துக் காட்டு.

தம்பி
ஒஸ்வல்ட்


கலுதென்னைத் தோட்டம்
8 மே 1937

ஒஸ்வல்ட்,

உன் கடிதத்தை நான் உடனே நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. புடைவைக் கடைக்காரரைப் பற்றி வாசித்தபோது, குடும்பம் பிரிந்ததைப் பார்த்துப் பயந்து நீ கட்டிய கதையோ என்றுதான் தோன்றியது. நீதான் என்னை இப்படிப் பழக்கினாய். பிறகு கதைக்கு ஒரு வெற்றிலைக் கிழவி உன் புத்தியில் வரமாட்டாள் என்று தோன்றியது. அதனால் நம்பினேன்.

போன சனிக்கிழமை பலாபத்வலைக்குப் போனேன். அவருடைய அண்ணன் வீட்டில் கொக்கோக் காய் உடைத்துக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார், ஆனால் இருமல் இல்லை. உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“இப்ப நம்புறியா?” என்று என்னைக் கேட்டார்.

“நம்புறேன். வாங்க, போவம்” என்றேன்.

“ஒன் தம்பி சொன்னதுக்கு நான் வீட்ட விட்டு வரல்ல ஜோசப்பின். அவன் வலியில சொல்லிட்டான். நீ குனிஞ்சு கம்பப் பாத்தியே, அதுக்குத்தான் வந்தேன்” என்றார். மறுபடியும் காய் உடைக்கத் தொடங்கிவிட்டார். அண்ணி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவர் இன்னும் எதையோ மறைக்கிறார். நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை இல்லை என்று சொல்லவில்லை. இதை நீ மறந்துவிடாதே.

உன் கால் குணம் என்று டொக்டர் சொல்கிறார், இல்லை என்று நீ சொல்கிறாய். எது உண்மையோ எனக்குத் தெரியாது. தவறு உன் வாயில் தொடங்கியது. கடிதம் எழுதியது போதும். அந்தக் காலை வைத்து நீயே போய் அவர் முன்னால் நில்.

ஜோசப்பின்


பலாபத்வலை
26 மே 1937

அக்கா,

வந்துவிட்டேன். நடந்து வந்தேன்.

பஸ்ஸுக்குத்தான் நின்றேன். மிதிபலகை உயரமாக இருந்தது. ஏறும் காலை வைத்து உந்த வேண்டும் என்று நினைத்ததும் ஓர் அடி பின்னால் வந்துவிட்டேன். கண்டக்டர் ஏறச் சொல்லி “நகின்ன, நகின்ன” என்று கத்தினான். பஸ் போய்விட்டது. நாலு மைல்தானே என்று ஊன்றுகோலோடு புறப்பட்டேன். அலுவிகாரைக் கடைகளைத் தாண்டுவதற்கே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஓரமாக நின்று, அது தாண்டிய பிறகுதான் அடுத்த அடி வைத்தேன்.

மச்சான் முற்றத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார், உட்கார்ந்தேன். என் காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு, குதிகாலுக்கு மேலே முடிச்சுப்போலத் தடித்திருக்கும் இடத்தை விரலால் தடவினார். நான் காலை இழுக்கப் பார்த்தேன். டொக்டரைத் தவிர யாரையும் அங்கே தொட விட்டதில்லை. அவர் விடவில்லை.

“மன்னிச்சுக்கங்க மச்சான்” என்றேன்.

“இரு. மொதல்ல நான் சொல்றதக் கேளு” என்றார். “நான் அடிக்கல்ல. ஆனா நீ விழுந்தப்ப நான் ஒடனே ஓடி வரல்ல. நின்னேன். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டிச்சு. நீ எந்திரிக்க முடியாமக் கெடந்தே. இனி தப்பாலு எனக்குத்தான்னு மனசுல வந்திச்சு. சந்தோசமா இருந்திச்சு ஒஸ்வல்ட்டு. மூச்சு விடுற நேரந்தான். ஆனா இருந்திச்சு. பொறகுதான் ஒன்னயத் தூக்குனேன். அவ வந்து அடிச்சீங்களான்னு கேட்டா. இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தேன், அந்தச் சந்தோசம் வந்து முன்னால நிக்கிது. நான் எப்புடிச் சொல்ல?”

எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அந்த இடத்தில் அவர் நின்றதை நான் பார்த்தேன். சரியாகத்தான் பார்த்தேன். ஏன் நின்றார் என்பதைத்தான் தப்பாக எழுதிக்கொண்டேன்.

இதை உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். “எழுது. என் வாயால அவகிட்டச் சொல்ல எனக்குத் தைரியமில்ல” என்றார். அதனால் அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, அவர் வரலாமா வரக்கூடாதா என்று நீ சொல்லியனுப்பு.

நான் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. அந்தக் கானை இனி என்னால் தாண்ட முடியாது. முடிந்தாலும் வேண்டாம். நுஹ்மான் நானா கடையில் உட்கார்ந்து பில் எழுத ஆள் வேண்டுமாம். தப்பால் வேலை வேண்டாம் என்று கிளாக்கருக்கு எழுதிவிட்டேன். அதை மச்சானுக்குக் கொடுக்கும்படியும் எழுதினேன்.

தம்பி
ஒஸ்வல்ட்


கலுதென்னைத் தோட்டம்
30 ஜூன் 1937

தம்பி ஒஸ்வல்ட்டுக்கு,

உன் கடிதத்தை வாசித்து மூன்று நாள் பதில் சொல்லியனுப்பவில்லை. நாலாம் நாள், வரச் சொன்னேன். அவருக்கு வந்ததைப் போன்ற நினைப்பு எனக்கு வந்ததே இல்லையா என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா நோயில் கிடந்த கடைசி மாதத்தில் வந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

வந்து பதினெட்டு நாளாகிறது. துரை கொஞ்சம் முனகிவிட்டுத் தப்பால் பையைக் கொடுத்துவிட்டார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று லயத்தில் சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் விருந்தாளிகளைப் போல இருந்தோம். நான் எதையாவது தேடிக் குனிந்தால் அவர் பேச்சை நிறுத்தினார். அவர் வாசலில் கொஞ்சம் தாமதித்து நின்றால் நான் கைவேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன். நான் கேட்டதற்கெல்லாம் “சரி” என்றார். அவர் கேட்பதற்கு முன்பே நான் எடுத்து வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஒன்பது வருஷத்தில் இவ்வளவு மரியாதையாக நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நேற்று மழை. தப்பாலிலிருந்து நனைந்து வந்தார். சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பில் புளி கூடிவிட்டது. ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். விழுங்கிவிட்டு, “நல்லாருக்கு” என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“என்னா பொம்பள நீ? நாய்கூடத் திங்காது இத!” என்று தட்டைத் தள்ளினார். ஆறு மைல் நனைந்து வருகிறவனுக்கு இதுதானா சோறு என்று பக்கத்து லயத்துக்குக் கேட்கும்படி சத்தம் போட்டார். நானும் விடவில்லை. சமைத்துப் பார்த்தால் தெரியும், உங்கள் அண்ணியைக் கூட்டி வந்து சமைக்கச் சொல்லுங்கள் என்று கத்தினேன். அவர் கொடியில் கிடந்த சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் கடையில் வாங்கிய பாணோடு வந்து, பிய்த்து அதே குழம்பில் தோய்த்துத் தின்றார்.

அவர் தின்று முடிக்கும்வரை நான் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வந்தது, ஒஸ்வல்ட். அவர் பார்த்துவிடக்கூடாது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அக்கா
ஜோசப்பின்